கண்ணுக்குக் குளிர்ச்சி

எங்கள் வீட்டில் விசிறிக்குப் பஞ்சம் இருந்ததில்லை. வளவுச் சுவர், அதாவது நடுக்கூடத்துச் சுவர், முழுக்க விசிறிதான். ஆனாலும் அக்கினி நட்சத்திரத்தில் யாருக்காவது புழுங்கினால் தோளில் கிடக்கிற துண்டால்தான் விசிறிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் சுவரில் இருந்தவை என் அண்ணன் அலங்காரம் செய்த விசிறிகள். ஓலைக்குப் பச்சையும் சிவப்பும் சாயம் ஏற்றி, ஓரம் முழுக்கப் பாசிமணி கோத்து, நடுவில் கிளி ஒட்டி ஆணியில் மாட்டியிருப்பார். அது கிளிதான் என்று அவர் சொன்னால்தான் தெரியும்.

ஒரு சித்திரையில் தேவகோட்டையிலிருந்து வந்த அம்மான் ஒருவர், வேர்வை வழிய உட்கார்ந்தவர், கைக்கு எட்டின விசிறியை எடுக்கப் போனார்.

“தொடாதீக! மணி உதிர்ந்துரும்!” என்று அண்ணன் வளவின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தார்.

“விசிறிதானப்பா?” என்றார் அம்மான்.

“விசிறிதான். ஆனா விசிறக் கூடாது. பாக்கணும். கோடைக்குக் கண்ணு குளிரணும் அம்மான். கண்ணு குளிர்ந்தா ஒடம்பு தானாக் குளிரும்.”

அம்மான் கொஞ்ச நேரம் கிளியைப் பார்த்தார். பிறகு துண்டை உதறி விசிறிக்கொண்டார்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் அல்லர், பெரியப்பச்சி, அதாவது பெரியப்பா, மகன். எங்கள் அப்பச்சியும் அவர் அப்பச்சியும் சேர்ந்து கட்டிய வீடு அது. எங்கள் பக்கத்தில் கல்யாணமானதும் ஆளுக்கு ஓர் அறையும் ஓர் அடுப்புமாகப் பிரித்து வைத்துவிடுவார்கள். வளவுக்குத் தெற்கே அவர் அறை, வடக்கே என் அறை. நடுவில் இருக்கிற வளவும், சுவரும், சாமி அறையும் இருவருக்கும் பொது. பொது என்றால் நான் எதையும் தொடமாட்டேன், அடுத்தவருக்கும் பாத்தியம் உண்டே என்று. அண்ணனுக்குப் பொது என்றால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று பொருள். அது சரியாகத்தான் போயிற்று. நான் கேட்கவில்லை. நாலாவது வரைக்கும் படித்தவன், நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க வராதவன், ரங்கூன் பார்த்த அண்ணனிடம் என்ன கேட்பது?

ரங்கூனில் கடையைப் பார்த்துக்கொள்ளத்தான் அவரை அனுப்பினார்கள். மூன்று வருடத் தவணை முடிவதற்கு முன்பே திரும்பிவிட்டார். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அவர் கொண்டுவந்த தேக்குப் பெட்டியைத் திறந்தபோது காகிதப் பூ சுருட்டுகிற இடுக்கியும், விதவிதமான கத்தரிகளும், சாயப் பொடிகளும் இருந்தன. எனக்குக் காரணம் புரிந்துவிட்டது.

மாசி வரைக்கும் சாதாரண மனிதராகத்தான் இருப்பார். பங்குனி வெயில் ஏறினால் பெட்டி வளவுக்கு வந்துவிடும். ஊரில் மற்றவர்கள் கோடைக்கு மோர்ப்பானை வைப்பார்கள், பந்தல் போடுவார்கள். அவர் வீட்டை அலங்கரிப்பார். அவர் அலங்கரிக்கிற விதம் ஒன்றே ஒன்றுதான். உபயோகத்தில் இருக்கிற பொருளை எடுத்து உபயோகம் இல்லாமல் ஆக்குவது. கேட்டால் சொல்கிற பதிலும் ஒன்றே: “சும்மா கெடந்துச்சு, எடுத்தேன்.”

அண்ணமிண்டி, அதாவது அண்ணனின் மனைவி, புளி வைக்கிற பானையைத் தேடுவார். அது சும்மா கிடந்திருக்கும். இப்போது அதன் மேல் சிப்பி ஒட்டிச் சுண்ணாம்பு பூசிக் காகிதத் தாமரை சொருகியிருக்கும். என் மனைவி முறத்தைத் தேடுவாள். முறம் முகப்பில் மயிலாகத் தொங்கும். அரிசி புடைக்க அடுத்த வீட்டுக்குப் போவாள்.

வெட்டிவேர் கதையையும் சொல்லவேண்டும். வெட்டிவேரைத் தட்டியாக முடைந்து ஜன்னலில் கட்டித் தண்ணீர் தெளித்தால் காற்று குளுகுளுவென்று வரும். பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அண்ணன் ஒரு வண்டி வெட்டிவேர் வாங்கினார். வீடே சந்தோஷப்பட்டது. அவ்வளவையும் யானைகளாகச் செய்தார். அம்பாரியோடு யானை, குட்டியோடு யானை, தும்பிக்கை தூக்கிய யானை. என் மனைவி ஆசையாக ஒரு யானைமேல் தண்ணீர் தெளித்துவிட்டாள். அம்பாரியின் சாயம் ஓடி யானை ரத்தம் கக்கினதுபோல் ஆயிற்று. அண்ணன் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளில்தான் வீடு கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது.

இவையெல்லாம் போகட்டும். சுவரை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சுண்ணாம்பை மாதக்கணக்கில் ஊறவைத்து, அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய சுவர் அது. முகம் தெரியும். கோடையில் முதுகைச் சாய்த்தால் மண்பானையில் சாய்ந்த மாதிரி இருக்கும். அந்தச் சுவரில் ஓர் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான். ஒட்டுப்போட்டால் தேமல் மாதிரி தனியாகத் தெரியும். அந்தச் சுவரில் அண்ணன் விசிறிக்கு ஒன்றாக ஆணி அடித்தார். விசிறி பிடிக்காமல் இடம் மாற்றினால் இன்னோர் ஆணி.

ஓடு மாற்ற வந்த கிழட்டுக் கொத்தனார், அந்தச் சுவரைப் பூசினவர்களில் ஒருவர், வளவில் நின்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

“செட்டியார், இது சுவரா, இடியாப்ப அச்சா?”

“கொத்தனாரே, சுவரு சும்மாதானே இருக்கு?” என்றார் அண்ணன்.

“சும்மா இருக்கணும்னுதானய்யா நாங்க அம்புட்டு நாளு தேச்சோம். இந்தச் சுவருக்கு ஒடச்ச முட்டையெல்லாம் குஞ்சு பொரிச்சிருந்தா, காரைக்குடியில இன்னைக்கு மனுசன் குரலே கேக்காது, கோழிதான் கூவும். ஆணி அடிக்க ஆசையா இருந்தா ஊருல மண்சுவரு இல்லையாய்யா?”

அந்தப் பேச்சில் அண்ணன் காதில் விழுந்தது முட்டை என்ற ஒரு சொல்தான். மறுநாள் சந்தையிலிருந்து கூடை கூடையாக முட்டை வந்தது. இரண்டு பக்கமும் ஊசியால் துளையிட்டு உள்ளே இருப்பதை ஊதி வெளியே தள்ளிவிட்டு, ஓட்டுக்கு முகம் வரைந்து, நூலில் கோத்துத் தூணுக்குத் தூண் தொங்கவிட்டார். ஊதித் தள்ளியதை என்ன செய்வது? அண்ணமிண்டி முட்டைக் குழம்பு வைத்தார், முட்டைப் பொரியல் செய்தார், பணியாரத்தில்கூட முட்டை ஊற்றினார். சித்திரை வெயிலில் அத்தனை முட்டை தின்றதில் அண்ணன் மகளுக்கு முகமெல்லாம் சூட்டுக் கொப்புளம்.

“கண்ணுக்குக் குளிர்ச்சின்னீக. பிள்ளை மூஞ்சியப் பாத்தீகளா? இதுக்கும் ரெண்டு மணி கோத்து விடுங்க, கொப்புளம் தெரியாது” என்றார் அண்ணமிண்டி.

அண்ணன் பெண்ணின் முகத்தைக் கவனமாகப் பார்த்தார். கோக்கலாமா என்று யோசித்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அண்ணமிண்டிக்குச் சிரிப்பதற்கு நேரமில்லை. அந்தப் பெண்ணுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. பேசி வந்த இடங்கள் இரண்டு நின்றுபோயின. வெளியில் ஜாதகம் என்று சொன்னார்கள். உள்ளே பேசியது வேறு. “அப்பன் பாசிமணி கோக்குற வீடு” என்றார்களாம். வந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் நேரில் புகழ்வார்கள். “அடேயப்பா, ரங்கூன் தோத்துச்சு போங்க!” என்பார்கள். தெருமுனை திரும்பினதும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். அண்ணன் முதல் பாதியை மட்டும் கேட்டு வளர்ந்தவர்.

மூன்றாவதாகக் கானாடுகாத்தானிலிருந்து ஓர் இடம் வந்தது. நல்ல குடும்பம், பெரிய வீடு, சம்பிரதாயத்தில் நூல் பிசகாதவர்கள். மாப்பிள்ளையின் தாயார் பெண் பார்க்க வந்தபோது அண்ணமிண்டி என்னைக் கூப்பிட்டு, “தம்பி, ஆச்சி போறவரைக்கும் உங்க அண்ணனைக் கிணத்தடியில வச்சு ஏதாச்சும் பேசிக்கிட்டே இருங்க” என்றார். பேசு என்று சொல்ல அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. நான் கிணற்றடியில் தொண்டையைச் செருமுவதற்குள் அண்ணன் வளவுக்குப் போய்விட்டார்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஆச்சி சாமி அறை வாசலில் நின்றிருந்தார். அந்த வாசலில் புதிதாக ஒரு திரை. துணியை நீளநீளமாகக் கிழித்து, கயிறாக முறுக்கி, இடையிடையே மணி கோத்து, மேலிருந்து தரை வரைக்கும் தொங்கவிட்டிருந்தார். உள்ளே போகிறவர்கள் அதை இரண்டு கையாலும் விலக்க வேண்டும். விலக்கினாலும் பின்னாலிருந்து முதுகில் அடிக்கும். அரக்கும் மஞ்சளுமாகத் துணி மட்டும் நல்ல துணி.

“அழகா இருக்கே” என்றார் ஆச்சி. பெண் வீட்டில் வேறு என்ன சொல்வார்?

“உங்களுக்கும் ஒண்ணு செஞ்சு அனுப்புறேன் ஆச்சி. மிச்சத் துணி கெடக்கு” என்றார் அண்ணன்.

சொன்னபடியே சின்னதாக ஒன்று செய்து கானாடுகாத்தானுக்கு வண்டியில் அனுப்பியும் விட்டார். கல்யாணம் வைகாசியில் என்று நிச்சயமாயிற்று. தன் திரையால்தான் சம்பந்தம் அமைந்தது என்று அண்ணன் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் படைப்பு நடக்கும். வாழ்ந்து மறைந்த வீட்டுப் பெண் ஒருத்திக்குச் சேலை வைத்து, சோறு படைத்து, பங்காளிகள் எல்லாரும் கூடிக் கும்பிடுவது. எங்கள் வீட்டில் அப்படிக் கும்பிடப்படுகிறவர் பாட்டனாருக்கும் முந்தின தலைமுறையில் முதல் பிரசவத்தில் போன ஓர் ஆத்தா. அவர் உடுத்திய, கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலை ஒன்று ஓலைப்பெட்டியில் சாமி அறைப் பரணில் இருக்கும். வருடா வருடம் மாசியில் படைக்கும்போது புதுச்சேலை ஒன்று வைப்போம். பழைய சேலையை நனைத்து, உலர்த்தி, மறுபடி பெட்டியில் வைப்போம். கல்யாணம் வந்தால் அந்த வருடம் இன்னொரு முறை படைப்பு. படைக்காமல் பெண்ணை வெளியே அனுப்பினால் எந்தப் பங்காளியும் கல்யாணத்துக்கு வந்து நிற்கமாட்டான். பங்காளி நிற்காத கல்யாணம் எங்களில் கல்யாணமே இல்லை.

படைப்புக்கு முந்தின நாள் காலை, மூத்த பங்காளி வந்து பெட்டியை இறக்கச் சொன்னார். அவர் எங்களுக்குப் பெரியப்பச்சி முறை. கண் கொஞ்சம் மங்கல், குரல் மட்டும் மணி. பெட்டியைத் திறந்தோம். மாசியில் வைத்த புதுச்சேலை இருந்தது. பழையது இல்லை.

“நீதானே கொடியிலேருந்து எடுத்து வச்சே?” என்று அண்ணமிண்டி என் மனைவியைக் கேட்டார்.

“நானா? நீக வச்சீகன்னுல்ல அக்கா நான் நெனச்சேன்?”

இரண்டு அடுப்பு எரிகிற வீட்டில் பொது வேலை இப்படித்தான். ஒருத்தி செய்திருப்பாள் என்று மற்றவள் நம்புவாள். இரண்டு பேரும் பரணையெல்லாம் துழாவினார்கள். பெண் மூலையில் நின்று அழ ஆரம்பித்துவிட்டது. அதற்குப் புரிந்துவிட்டது, மூன்றாவதும் போகப்போகிறது என்று.

பெரியப்பச்சி சாமி அறையிலிருந்து வெளியே வந்தார். வாசல் திரை அவர் முகத்தில் அடித்தது. எரிச்சலோடு ஒரு கயிற்றைப் பிடித்தவர் விடவில்லை. மங்கின கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். முறுக்கைப் பிரித்தார்.

“இந்தக் கட்டம் நான் பாத்த கட்டமால்ல இருக்கு?”

அண்ணன் அப்போதுதான் முகப்பிலிருந்து உள்ளே வந்தார். பெரியவர் கையில் தன் திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “நல்லா இருக்கா பெரியப்பச்சி? மாசியில கொடியில சும்மா கெடந்துச்சு, எடுத்து...”

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. ரங்கூனிலிருந்து வந்தபின் அவர் ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்தியதை நான் பார்த்தது அதுதான் முதல்.

“கொடியில கெடந்தது துணியில்லடா” என்றார் பெரியப்பச்சி. “நம்ம ஆத்தாடா. ரெண்டு மாசமா எல்லாப் பயலும் அவளை இழுத்து விலக்கிக்கிட்டு உள்ள போய் அவளையே கும்பிட்டிருக்கீக.”

நானும்தான் விலக்கியிருக்கிறேன். என் தலை தாழ்ந்துவிட்டது.

“பழசுதானே பெரியப்பச்சி, இன்னொரு கண்டாங்கி வாங்கி வச்சா...” என்று அண்ணன் ஆரம்பித்தார்.

“வாயை மூடு. நாளைக்குப் பொழுது சாய வெளக்கேத்துவோம். அதுக்குள்ள சேலை சேலையா இருக்கணும். கிழிச்ச கையே தைக்கணும். ஒரு துண்டு வெளியில இருக்கக்கூடாது. இல்லேன்னா படைப்பும் இல்ல, நாங்க கல்யாணத்துக்கு வர்றதும் இல்ல.”

ஒரு துண்டு வெளியில் இருந்தது. கானாடுகாத்தானில், சம்பந்தி வீட்டில்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் தைக்க வேண்டும். பெண்கள் போய்க் கேட்க முடியாது. பெரியப்பச்சி போனால் என்ன ஏது என்று வெளியில் வந்துவிடும். குலத்துச் சேலையைக் கிழித்துத் தோரணம் கட்டிய வீடு என்று தெரிந்தால் சம்பந்தி வீட்டார் அன்றைக்கே பாக்கைத் திருப்பிவிடுவார்கள்.

“தம்பிதான் போகணும். தம்பிதான் வாய் திறக்கமாட்டாக” என்றார் அண்ணமிண்டி. அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு வண்டி ஏறினேன்.

வழி முழுக்க என்ன சொல்வது என்று மாட்டின் முதுகைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். கொடுத்த பரிசைத் திரும்பக் கேட்பது எப்படி? அதுவும் கல்யாணத்துக்கு முன்னால், மாப்பிள்ளையின் தாயாரிடம். கானாடுகாத்தான் வீடுகளின் முகப்பைப் பார்த்ததுமே பழகியதெல்லாம் மறந்துவிட்டது.

“வாங்க தம்பி. என்ன இந்த வெயில்ல? வீட்டுல எல்லாரும் சுகமா இருக்கீகளா?” என்றார் ஆச்சி. மோர் வந்தது. குடித்தேன். இன்னொரு செம்பு வந்தது. அதையும் குடித்தேன்.

“ஆச்சி, அண்ணன் ஒரு திரை அனுப்புனாகல்ல... அதுல மணி கொஞ்சம் கொறையுதாம். கல்யாணத்துக்கு முந்தி இன்னும் அழகு பண்ணித் தரணும்னு... வாங்கியாரச் சொன்னாக.”

ஆச்சியின் முகம் மாறியது. நான் பொய் சொல்வது தெரிந்துவிட்டதென்று நினைத்துத் தரையைப் பார்த்தேன். ஆனால் ஆச்சியும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுவா தம்பி... அது... மாடியில மாட்டியிருக்கு. அப்புறமா நானே கொடுத்தனுப்புறேனே.”

“இன்னைக்கே வேணும் ஆச்சி.”

“இன்னைக்கேவா?”

அடுப்படியிலிருந்து வேலைக்காரப் பெண் ஒருத்தி கையில் எதையோ பிடித்துக்கொண்டு வந்தாள். “காரைக்குடித் திரைதானே ஆச்சி? இந்தா இருக்கே. இப்பத்தான் வெளக்குத் தொடச்சேன்.”

அவள் கையில் எண்ணெயும் கரியுமாகச் சுருண்டு கிடந்தது எங்கள் ஆத்தாவின் சேலை. மணிகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள். துடைக்கும்போது குத்தியிருக்கும்.

புகழ்ந்து வாங்கின பரிசு விளக்குத் துடைக்கிற துணியாக இருப்பதைச் சம்பந்தி வீட்டு ஆள் பார்த்துவிட்டான். அந்த அவமானத்தில் ஆச்சியின் முகம் கழுத்து வரை சிவந்தது.

“காத்துக்கு அறுந்து விழுந்துச்சு தம்பி... பிள்ளைக தெரியாம...”

“அதனால என்ன ஆச்சி. நல்ல துணி. நல்லாத் துடைக்கும்” என்றேன். வாய் திறக்கத் தெரியாதவன் திறந்தால் இப்படித்தான் வரும்.

துண்டுகள் எல்லாம் இருந்தன. மடித்துத் தோள் துண்டில் முடிந்துகொண்டேன். ஆச்சி வாசல் வரைக்கும் வந்தார்.

“தம்பி, இது இப்படிக் கெடந்தது உங்க அண்ணனுக்கு...”

“சொல்லமாட்டேன் ஆச்சி. நான் இத வாங்கிட்டுப் போனதும் வேற யாருக்கும்...”

“நான் எதுக்குச் சொல்லப்போறேன்?”

இரண்டு பேரும் மற்றவர் முகத்தைப் பார்க்காமலே கும்பிட்டுக்கொண்டோம். அந்தச் சம்பந்தம் பாக்கு வெற்றிலையில் முடிவாகவில்லை. அந்த எண்ணெய்த் துணியில் அன்றைக்கு முடிவாயிற்று.

பொழுது சாய வீடு வந்தேன். அண்ணமிண்டி முடிச்சை அவிழ்த்து முகர்ந்தார். “வெளக்கெண்ணெ வாடை அடிக்குது?”

அண்ணன் திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெருமையாகச் சொன்னார்: “சாமி வெளக்குக்குப் பக்கத்துல மாட்டியிருப்பாக. அவ்வளவு மரியாதை.”

நான் வாக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். இல்லாவிட்டால் அன்றைக்குச் சொல்லியிருப்பேன்.

இரவே அண்ணமிண்டியும் என் மனைவியும் துண்டுகளைச் சீயக்காய் போட்டு அலசி உலர்த்தினார்கள். விடிந்ததும் அண்ணன் குளித்து ஈர வேட்டியோடு சாமி அறைக்கு முன்னால் உட்கார்ந்தார். பெரியப்பச்சி எதிரில் நாற்காலி போட்டுக்கொண்டார். வாசல் திரையை அண்ணனே அறுத்து இறக்கி, முறுக்குகளைப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் பொருத்தித் தைக்க ஆரம்பித்தார். வெயில் ஏறிற்று. வளவு அடுப்பாக இருந்தது. அவர் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது.

“வேர்வை சேலையில சொட்டப்படாது” என்றார் பெரியப்பச்சி. “சொட்டுச்சுன்னா மறுபடி நனைச்சு மறுபடி உலத்தணும். பொழுது போயிரும்.”

அண்ணமிண்டி சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு நேராகச் சுவரிடம் போய், கிளி ஒட்டிய விசிறி ஒன்றைப் பிடித்து இழுத்தார். ஆணியோடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது.

“மணி உதிருது! மணி உதிருதுடி!” என்று அண்ணன் எழப்போனார்.

“உதிரட்டும். ஊசியப் பாருங்க.”

அவர் விசிற ஆரம்பித்தார். வீச்சுக்கு வீச்சு பாசிமணி வளவெங்கும் சிதறி உருண்டது. கொஞ்ச நேரத்தில் கிளியும் பறந்துவிட்டது. வெறும் ஓலை விசிறியிலிருந்து நல்ல காற்று வந்தது. அந்த வீட்டில் ஒரு விசிறி விசிறியாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் மனைவியும் ஒன்றைப் பிய்த்தாள். பெரியப்பச்சிக்கு ஒன்று. எனக்கும் ஒன்று.

ஒன்று சொல்லவேண்டும். அண்ணன் நன்றாகத் தைத்தார். தையற்காரன் தோற்றான். கட்டம் கட்டத்தோடு பிசகாமல் சேர்ந்தது. இவ்வளவு நேராகத் தைக்கத் தெரிந்த மனிதர் இத்தனை வருடத்தில் கிழிந்த தலையணை உறை ஒன்றைத் தைத்துக் கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உச்சிக்குப் பின் பெரியப்பச்சி கண்ணயர்ந்தார். அண்ணமிண்டி படையல் சமைக்கப் போனார். நான் இலை வாங்கப் போனேன். “ஓரம் மட்டும் முடிக்கணும், முடிச்சு நானே மடிச்சு வச்சுர்றேன்” என்றார் அண்ணன். அவரைத் தனியாக விட்டோம். ஊசியும் நூலும் கையில் இருக்கிற அந்த மனிதரைத் தனியாக விட்டோம்.

பொழுது சாய்ந்தது. பங்காளிகள் எல்லாரும் வந்து நின்றார்கள். விளக்கு ஏற்றியாயிற்று. சோற்றில் ஆவி பறந்தது. பெரியப்பச்சி சேலையை எடுத்து விரித்தார்.

தையல் தெரியவில்லை. ஒவ்வொரு தையல்மேலும் மேலிருந்து கீழ்வரை பூ. சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக நூல் பூ, பூவுக்குப் பூ கொடி, கொடிக்குக் கொடி இலை. ஆத்தாவின் கட்டுச்சேலையில் ஒரு நந்தவனம்.

அண்ணமிண்டி சுவரைப் பிடித்துக்கொண்டார். பங்காளிகள் எல்லாரும் பெரியப்பச்சியின் வாயைப் பார்த்தார்கள்.

“டேய், என்னடா இது?”

“தையல் அசிங்கமாத் தெரிஞ்சுச்சு பெரியப்பச்சி. ஆத்தா பாக்கும்போது... கண்ணுக்குக் குளிர்ச்சியா...”

பெரியப்பச்சி ஒரு தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். விடவில்லை. இன்னொன்றை இழுத்தார். அதுவும் விடவில்லை. சோற்றின் ஆவி குறைந்துகொண்டிருந்தது.

“மணி வச்சிருக்கியா?”

“இல்ல.”

“சத்தியமா?”

“சத்தியமா இல்ல பெரியப்பச்சி.”

“அந்த மட்டுக்கும் ஆத்தா பொழச்சா” என்று சொல்லிச் சேலையை வைத்து விழுந்து கும்பிட்டார். நாங்களும் விழுந்தோம். வைகாசியில் கல்யாணம் நடந்தது. பங்காளிகள் எல்லாரும் வந்து நின்றார்கள். கானாடுகாத்தான் ஆச்சி என்னைத் தூரத்தில் பார்த்ததும் பந்தலின் மறுபக்கம் போய்விட்டார். நானும் இந்தப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டேன்.

அண்ணன் திருந்தினாரா என்றால் இல்லை. அடுத்த கோடைக்குக் கொட்டாங்கச்சியில் ஆமை செய்தார். அவர் போய்ப் பல வருடம் ஆயிற்று. யானைகளைப் பூச்சி அரித்தது. முட்டைகள் உடைந்தன. சுவரில் ஓட்டைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவருடையது என்று இன்றும் உருப்படியாக மிஞ்சியிருப்பது அந்தச் சேலை ஒன்றுதான்.

அதைப் பெட்டியில் வைத்து மாசிக்கு மாசி எடுத்து விரிக்கிறோம். புதிதாக வந்த மருமகள்களுக்கு இந்தக் கதை தெரியாது. போன மாசியில் என் மருமகள் அந்தப் பூக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “அந்தக் காலத்துலயே ஆத்தா எவ்வளவு அருமையாப் பூ வேலை செஞ்சிருக்காக பாருங்க மாமா! என்ன பொறுமை, என்ன கை!” என்றாள். மற்றப் பெண்களும் தலையசைத்தார்கள். அண்ணமிண்டி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் கிழட்டுக் கையில் வெறும் ஓலை விசிறியை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்.

கும்பிடத்தான் வேண்டும். பூவுக்குக் கீழே இருப்பது ஆத்தாவின் துணி. அதனால் கும்பிடும்போது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறேன்.